நீலகிரியில் திறந்த அரசுத் தரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு அலுவலகங்களில் இருக்கும் புள்ளிவிவரங்கள் பொதுமக்கள் கைக்கு வந்தால் குடிநீரிலும் குப்பையிலும் பேருந்திலும் என்ன மாற்றம் வந்துவிடும் என்று மலையில் எங்கே பேச்செடுத்தாலும் ஏறத்தாழ அதே கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் அரசு ஊழியனும் அல்லன், கணினி வல்லுநனும் அல்லன். நீலகிரியில் ஒரு சரிவின் மேல்பாதியில் குடியிருப்பவன். எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை. மேல்பாதி என்பதுதான் தேவை. அதன் காரணம் குடிநீர் பற்றிய பதிலில் தெரியும்.

திறந்த அரசுத் தரவு என்று எதைச் சொல்கிறார்கள்?

மக்கள் வரிப்பணத்தில் அரசு திரட்டிய விவரங்களை, எவரும் அனுமதி கேட்காமலும் கட்டணம் கட்டாமலும் எடுத்துக்கொண்டு, கணினியில் நேரடியாகக் கணக்கிட்டு, தாம் கண்டதை மறுபடியும் வெளியிடுவதற்கு உரிமை உள்ள வடிவில் தருவதையே அவ்வாறு சொல்கிறார்கள். கட்டணம் இல்லை என்பது பலருக்கும் உடனே புரிகிறது. கணக்கிடத் தக்க வடிவம் என்பதுதான் புரிவதில்லை.

"எல்லாம்தான் இணையதளத்தில் போட்டிருக்கிறோமே" என்கிறார்களே, அது போதாதா?

ஒருமுறை ஓர் உள்ளாட்சி அமைப்பின் ஆண்டுக் கணக்கறிக்கையை இறக்கிப் பார்த்தேன். நாற்பது பக்கங்களும் காகிதத்தைப் படமெடுத்து ஒட்டிய பிடிஎஃப். ஒரு பக்கம் தலைகீழாக இருந்தது. குழாய்ப் பராமரிப்புச் செலவு இருந்த கட்டத்தின் மேல் ஊதா நிற அலுவலக முத்திரை விழுந்து, தொகை 3-இல் தொடங்குகிறதா 8-இல் தொடங்குகிறதா என்று எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியவில்லை. மூன்று ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தவன், இரண்டு இரவுகள் எண்களைக் கையால் தட்டச்சு செய்வதிலேயே கழித்தேன். அந்த அறிக்கை எப்போதோ ஓர் எக்செல் கோப்பாகத்தான் பிறந்திருக்கும். அதை அச்சிட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, மறுபடி படமெடுத்து ஏற்றியிருக்கிறார்கள். கையெழுத்திட்ட படி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதன் பக்கத்திலேயே அந்த மூலக் கோப்பையும் போட்டிருந்தால் என் இரண்டு இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 2010-இல் இதற்கென்றே ஐந்து நட்சத்திர அளவுகோல் ஒன்றைச் சொன்னார். திறந்த உரிமத்தோடு எந்த வடிவில் போட்டாலும் ஒரு நட்சத்திரம். கணினி படிக்கும் அட்டவணையாகப் போட்டால் இரண்டு. எந்த மென்பொருளிலும் திறக்கும் சிஎஸ்வி போன்ற பொது வடிவில் போட்டால் மூன்று. நான்கும் ஐந்தும் இப்போதைக்கு நமக்கு வேண்டாம். மூன்றாவது நட்சத்திரம் கிடைத்தால் ஒரு மலை நகராட்சிக்கு அதுவே தாராளம்.

தமிழ்க் கோப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழக அரசு யூனிகோடு முறையை 2010-இல் ஏற்றுக்கொண்டுவிட்ட பிறகும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் நடமாடுகின்றன. திரையில் தமிழாகத் தெரிவதை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற எழுத்துக் குவியலாக விழும். ஊர்ப் பெயரைத் தேடினால் கிடைக்காது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கும்போது இது தனியாக எதற்கு?

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு கொடுத்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அது ஒருவர் கேட்டு ஒருவருக்குக் கிடைக்கும் பதில். அடுத்த மாதம் அதே விவரம் வேண்டுமென்றால் மறுபடியும் மனு, மறுபடியும் 30 நாள். கோடைக்காலத் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பற்றிய பதில் ஆனி, ஆடி மழையில் நனைந்துகொண்டு வந்து சேரும்.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள்ளேயே திறந்த தரவின் விதை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். யாரும் கேட்காமலே அரசு அமைப்புகள் தம் விவரங்களைத் தாமாக வெளியிட வேண்டும் என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது. மக்கள் மனுவை நாடும் தேவையே குறையும்படி அவ்வப்போது வெளியிட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. கணினியில் இருக்கும் தகவலை மின்னணு வடிவிலேயே பெறும் உரிமையையும் சட்டம் தருகிறது. ஆகவே மனு எழுதுவோர் "விவரம் வேண்டும்" என்று நிறுத்திவிடாமல், "தங்கள் கணினியில் உள்ள எக்செல் கோப்பாகவே வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுவது நல்லது. அந்த ஒரு வரியால் எனக்கு இரண்டு முறை கோப்பு கிடைத்திருக்கிறது. ஒருமுறை வழக்கம்போல் ஜெராக்ஸ் கட்டு வந்தது.

வெளியிட வேண்டும் என்று அரசுக்கு ஏதேனும் கடமை உண்டா?

மத்திய அரசு 2012-இல் தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கையைக் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக அதே ஆண்டில் தேசியத் தகவலியல் மையத்தின் பொறுப்பில் டேட்டா.கவ்.இன் என்ற தளம் தொடங்கப்பட்டது. 2017-இல் அரசுத் திறந்த தரவு உரிமம் அறிவிக்கப்பட்டது. அதன்படி வெளியான தரவை எவரும், வணிகத்துக்குக்கூட, பயன்படுத்தலாம்; எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவே. தனிநபர் விவரங்கள் அந்த உரிமத்துக்குள் வரா. தமிழக அரசும் 2022-இல் தனக்கென ஒரு தரவுக் கொள்கையை வெளியிட்டது. கொள்கைகளுக்குப் பஞ்சமில்லை. தெருவளவில் விவரம் கேட்டால்தான் பஞ்சம் தெரியும்.

இப்போது நீலகிரியைப் பற்றி எந்தெந்தத் தரவு கைக்குக் கிடைக்கும்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நன்றாகவே கிடைக்கிறது. 2011-இல் மாவட்ட மக்கள்தொகை 7,35,394. உதகமண்டலம் நகராட்சியில் 88,430 பேர். பள்ளிகள், மருத்துவமனைகள், பயிர்ப் பரப்பு, மழையளவு ஆகியவை மாவட்ட அளவில் வெவ்வேறு துறைகளின் தளங்களிலும் தேசியத் தளத்திலும் சிதறிக் கிடக்கின்றன. தேடும் பொறுமை இருந்தால் கிடைக்கும்.

ஆனால் 2011-க்குப் பிறகு பிறந்த குழந்தை இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறது. அடுத்த கணக்கெடுப்பு 2027-க்கென அறிவிக்கப்பட்டிருக்கும் நிலையில், இன்றும் குடிநீர்த் திட்டம் போடுவோர் கையில் இருப்பது அந்தப் பழைய எண்தான். அந்த எண்ணிலும் சித்திரை, வைகாசியில் மலையேறி வரும் கூட்டம் கிடையாது.

மலை ஊர்களுக்கென்று தனியாக என்ன வேண்டியிருக்கிறது? சமவெளிக்குப் பொருந்துவது இங்கே பொருந்தாதா?

என் பதில் முழுவதையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டுமானால், சராசரி என்ற சொல்லைத்தான் காட்டுவேன். சமவெளியில் ஒரு நகரத்தின் சராசரி அந்நகரத்தைப் பற்றி ஓரளவாவது உண்மை சொல்லும். மலையில் சொல்லாது. இங்கே ஒரே தெருவின் தலைக்கும் காலுக்கும் நூறடி உயர வித்தியாசம் இருக்கும். ஒரே மாவட்டத்தில் மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவமழையில் ஊறிக்கொண்டிருக்கும்போது குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும். ஒரே ஊரில் செவ்வாய்க்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இடையில் மக்கள்தொகை மாறிவிடும். ஆகவே இங்கே தரவு இடத்தையும் நாளையும், முடிந்தால் மணியையும் சொல்ல வேண்டும்.

குடிநீரை எடுத்துக்கொள்ளலாம். உதகைக்குப் பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர்ஹில் போன்ற நீர்த்தேக்கங்கள். குன்னூருக்கு ரேலியா அணை. தண்ணீர் இருப்பது ஒரு கேள்வி, அது எந்த வால்வு வழியாக எந்தத் தெருவுக்கு எப்போது போகிறது என்பது வேறு கேள்வி.

எங்கள் வீட்டில் சமையலறைக் கதவின் பின்னால் மாத நாள்காட்டி ஒன்று தொங்கும். தண்ணீர் வந்த நாளில் அந்தக் கட்டத்தில் 'த' என்று எழுதி, வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் குறிப்பது என் மனைவியின் வழக்கம். சின்டெக்ஸ் தொட்டி நிரம்பாமல் நின்றுபோனால் 'த' வைச் சுற்றி ஒரு வட்டம். ஒரு கோடையின் மார்ச் மாதத் தாளில் நான்கே 'த' இருந்தது, அதில் மூன்றுக்கு வட்டம். அதே மாதத்துக்கு நான் மனுப் போட்டுப் பெற்ற பதிலில், நகரில் சராசரியாக நான்கு நாட்களுக்கு ஒருமுறை குடிநீர் வழங்கப்பட்டதாக இருந்தது. கோபத்தோடு சரிவின் அடியில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர்களுக்கு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, குடம் வழிய வழிய வந்திருக்கிறது. பதில் பொய்யில்லை, கீழே வழிந்ததையும் மேலே வராததையும் கூட்டி வகுத்திருக்கிறார்கள்.

பிறகு வால்வு திறந்துவிடும் ஊழியரிடமே பேசினேன். அவரிடம் ஒரு நீளப் பதிவேடு இருந்தது: தேதி, வால்வு எண், திறந்த நேரம், மூடிய நேரம், கையொப்பம். எட்டு ஆண்டுகளாக எழுதி வருகிறார். மாதம் ஒருமுறை மேலதிகாரி கையெழுத்துப் போடுகிறார். அதற்கு மேல் அதை யாரும் படித்ததில்லை. அந்தப் பதிவேட்டின் ஒரு மாதப் பக்கங்களை நாங்கள் அட்டவணையாக்கி எங்கள் நாள்காட்டியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, கீழ் வால்வும் மேல் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருந்த நாட்களில் எல்லாம் மேலே வட்டம் விழுந்திருப்பது தெரிந்தது. கீழ் வால்வை முக்கால் மணி நேரம் தாமதித்துத் திறந்தால் போதும் என்று சொன்னவர் அந்த ஊழியரேதான். புதுக் குழாயும் புது மோட்டாரும் தேவைப்படவில்லை. "இத கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன் சார்" என்றார்.

இ-பாஸ் முறையில் திரளும் விவரங்களால் ஊருக்கு என்ன பயன்?

நீலகிரியின் மிக அருமையான, மிகக் குறைவாகப் பயன்படும் தரவு இதுதான் என்பது என் எண்ணம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் வருவோர் இ-பாஸ் பெற வேண்டியதாயிற்று. மறு ஆண்டு 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை, நாளொன்றுக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலில் முறையே 4,000, 6,000 என்றும் உச்ச வரம்பும் வந்தது. மலைகள் எவ்வளவு தாங்கும் என்று கணிப்பதற்கான ஆய்வுப் பணி சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைக்கப்பட்டது.

இ-பாஸ் வாங்குகிறவர் வாகன வகை, ஆட்களின் எண்ணிக்கை, தங்கும் நாட்கள் போன்றவற்றைத் தர வேண்டியிருக்கிறது. பெயர், தொலைபேசி எண், வண்டி எண் ஆகியவற்றை முழுதாக நீக்கிவிட்டு, கல்லாறு, குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணி என்று சோதனைச் சாவடி வாரியாக, மணி வாரியாக எத்தனை வாகனங்கள், எத்தனை பேர் என்று மறுநாள் காலையில் ஒரு கோப்பு வெளியானால் போதும். வெள்ளிக்கிழமை மாலையில் குஞ்சப்பனை வழியாக ஏறுகிறவர்கள் சனிக்கிழமை காலையில் கோத்தகிரிக்குக் கூடுதல் குப்பை வண்டி வேண்டும் என்பதைச் சொல்லாமல் சொல்கிறார்கள். முன்பதிவு என்பதால் வருகிற வாரத்தின் எண்ணிக்கைகூட ஓரளவு இன்றே தெரியும். பொதுக் கழிப்பறைகளுக்கு எத்தனை லாரித் தண்ணீர், பேருந்து நிலையத்தில் எத்தனை தூய்மைப் பணியாளர்கள், மலர்க் கண்காட்சி வாரத்தில் எந்தச் சாலையை ஒருவழியாக்குவது என்பவற்றை அனுபவத்தை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டியதில்லை. அனுபவம் உள்ள அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டால் அனுபவமும் அவரோடு மேட்டுப்பாளையம் இறங்கிவிடும். கோப்பு இங்கேயே இருக்கும்.

குப்பைக்கும் தரவுக்கும் என்ன தொடர்பு?

குன்னூர், கோத்தகிரிவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தால் சமவெளியில் நாய் வரும். இங்கே கரடி வரும், காட்டுமாடு வரும். ஆகவே எந்தத் தெருவில் குப்பை வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எந்த நாள் வரவில்லை என்ற விவரம் இங்கே சுகாதாரத் துறைக்கு மட்டுமன்றி வனத்துறைக்கும் உதவும். கரடி நடமாட்டம் பற்றிய புகார்களையும் வண்டி தவறிய நாட்களையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், எந்த மூன்று நான்கு இடங்களில் மாலை வண்டி ஒன்று தேவை என்பது தெரியவரும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தபின் தரம் பிரிப்பது கட்டாயம்; பிரித்து வந்தது எவ்வளவு, பிரிக்காமல் வந்தது எவ்வளவு என்று வார்டு வாரியாக எடை போட்டு வெளியிட்டால், வார்டுகளுக்கிடையே ஒரு நல்ல போட்டியும் தொடங்கலாம்.

டாஸ்மாக் காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022-இல் நீலகிரியில்தான் தொடங்கியது. கடை வாரியாக விற்றது எத்தனை, திரும்பியது எத்தனை என்ற இரண்டே நிரல்கள் போதும். உடைந்த கண்ணாடி எந்தச் சோலையோரத்தில் கிடக்கும் என்று தேடிப் போகலாம்.

மண்சரிவு எச்சரிக்கைக்கு இது உதவுமா?

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த நாட்களின் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் பதிவானது. இந்த இரண்டு நாட்களிலும் மாவட்டச் சராசரி மழையளவு என்ற எண் எதையும் காப்பாற்றியிருக்காது. கேத்தியில் என்ன பெய்கிறது என்பது கேத்திக்குக் கீழே இருப்பவருக்கு அந்த மணி நேரத்தில் தெரிய வேண்டும்.

மழைமானி வாரியான அளவு, சரியும் ஆபத்துள்ள இடங்களின் பட்டியல், சாலை மூடிய நேரம், திறந்த நேரம், கடந்த ஆண்டுகளில் மண் விழுந்த இடங்கள் ஆகியவை ஒரே கோப்பில் ஒரே இடக்குறியீட்டோடு கிடைத்தால், எவ்வளவு மழைக்கு எந்த வளைவு விழுகிறது என்று உள்ளூர்க் கல்லூரி மாணவர்களே கணக்குப் போடலாம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்தக் கணக்கு எச்சரிக்கை தரும் அதிகாரிக்கு உதவியாகத்தான் இருக்க வேண்டும். ஆளாளுக்கு வரைபடம் வரைந்து "இன்று இரவு விழும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினால், உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் யாரும் வீட்டைவிட்டு வெளியேற மாட்டார்கள்.

பேருந்து நேரம்?

இது எளிது. பேருந்து வழித்தடங்களையும் நேரங்களையும் எல்லாச் செயலிகளும் படிக்கும்படி எழுத உலகம் முழுவதும் ஒரே கோப்பு முறை வழக்கில் உள்ளது. இந்தியாவில் கொச்சி மெட்ரோ 2018-இலேயே அப்படித் தன் விவரங்களைத் திறந்துவிட்டது. ஹட்டிகளுக்கு, அதாவது படகர் ஊர்களுக்குப் போகும் பேருந்துகள் நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்பதால் அட்டவணை சிறியதாகத்தான் இருக்கும். கடைசிப் பேருந்து ரத்தானது என்ற விவரம் அன்று மாலை ஐந்து மணிக்குள் வெளியானால், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வருபவர் ஆறரை மணிக்குக் குளிரில் நின்று ஏமாற வேண்டியிருக்காது.

வேறு நகரங்களில் உண்மையிலேயே பயன் கண்டதுண்டா?

உண்டு. நியூயார்க் நகரம் 2012-இல் திறந்த தரவுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. அங்கே வாகன நிறுத்த அபராதச் சீட்டுகளின் விவரங்கள் இடத்தோடு வெளியாகின்றன. அவற்றை வைத்து ஒரு புள்ளியியல் ஆசிரியர், விதி மாறி வண்டி நிறுத்த அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் காவலர்கள் பழைய பழக்கத்தில் அபராதம் விதித்து வருவதை 2016-இல் எடுத்துக் காட்டினார். காவல் துறை மறுக்கவில்லை. தவறை ஒப்புக்கொண்டு காவலர்களுக்கு மறுபயிற்சி தருவதாகச் சொன்னது. துறைக்குள்ளேயே அந்தச் சீட்டுகள் ஆண்டுக்கணக்கில் இருந்தவைதாம். வெளியாள் ஒருவர் பார்க்கும்வரை யாருக்கும் அது தோன்றவில்லை.

எதிர்மறையான பாடமும் ஒன்று உண்டு. பாஸ்டன் நகரம் 2012-இல், காரில் போகும்போது கைப்பேசியின் குலுக்கலைக் கொண்டே சாலைக் குழிகளைக் கண்டுபிடிக்கும் செயலி ஒன்றைக் கொண்டுவந்தது. அருமையான யோசனைதான். ஆனால் விலை உயர்ந்த கைப்பேசியும் காரும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்கள் தெருவின் குழிகளே அதிகம் தெரியவரும் என்ற கேள்வி எழுந்தது. நமக்கும் இது அப்படியே பொருந்தும். செயலியில் வரும் புகார்களை மட்டும் எண்ணினால் சேரிங் கிராஸில்தான் எல்லாக் குறையும் இருப்பதாகத் தோன்றும். சிக்னலே கிடைக்காத எஸ்டேட் லயன் வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு குறையும் இல்லை என்றாகிவிடும். புகார் வராத இடம் குறையில்லாத இடம் ஆகாது.

எல்லாவற்றையும் திறந்துவிட்டால் தனிப்பட்டவர்களின் விவரம் என்னாகும்?

நியாயமான அச்சம். பெயர், முகவரி, ஆதார் எண், நோய், உதவித்தொகை பெறுவோர் பட்டியல் போன்றவற்றைத் திறந்த தரவாக்கக் கூடாது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. ஆனால் பெயரை நீக்கிவிட்டால் ஆயிற்று என்று நினைப்பது நீலகிரியில் தவறாக முடியும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல் பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது. தோடர்கள் 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தான். மந்து எனப்படும் தோடர் குடியிருப்பு ஒன்றில் நான்கைந்து குடும்பங்களே இருக்கும். "இந்த மந்து, பெண், அறுபது வயதுக்கு மேல், காசநோய்ச் சிகிச்சை: 1" என்று ஓர் அட்டவணையில் வந்துவிட்டால், பெயர் போடாமலே ஊருக்கெல்லாம் ஆள் தெரிந்துவிடும். ஆகவே ஐந்துக்கும் குறைந்த எண்ணிக்கை வரும் கட்டங்களை வெளியிடாமல் விடுவதும், மக்கள்நலம் பற்றிய விவரங்களைச் சற்றுப் பெரிய வட்டாரமாகச் சேர்த்துத் தருவதும் இங்கே மிகவும் தேவை. வால்வுக்கும் குப்பை வண்டிக்கும் எவ்வளவு நுணுக்கம் கேட்கிறேனோ அவ்வளவு பெருமனத்தோடு மனிதர்களைப் பற்றிய எண்களை மொத்தமாக்கச் சொல்வேன்.

யானை, புலி நடமாட்டத்தின் துல்லியமான இடத்தையும் நேரத்தையும் உடனுக்குடன் பொதுவில் போடக் கூடாது. வேட்டைக்காரனும் அதைப் படிப்பான்.

ஒரே ஊருக்கு நாலு பெயர் இருக்கிறதே, தரவுகளை எப்படி இணைப்பது?

உதகமண்டலம், உதகை, ஊட்டி என்று ஒரே ஊர் மூன்று துறைகளில் மூன்று பெயரில் இருக்கும். 'ஹட்டி' என்பதை ஒருவர் 'அட்டி' என்பார், மற்றொருவர் 'ஹட்டி' என்பார். மந்துகளின் பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கணினிக்கு இவை வெவ்வேறு ஊர்கள். மத்திய ஊராட்சி அமைச்சகம் பராமரிக்கும் உள்ளாட்சி அடைவில் ஒவ்வொரு கிராமத்துக்கும் நகராட்சிக்கும் ஒரு தனி எண் உண்டு. பெயரை யார் எப்படி எழுதினாலும் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுவிட்டால் சிக்கல் பெருமளவு தீரும். சிறு குடியிருப்புகளுக்கு அந்த எண் போதாது. அவற்றுக்கு உள்ளூரிலேயே ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். அந்தந்தச் சமூகத்துப் பெரியவர்களைக் கேட்டுத் தயாரிப்பது உத்தமம்.

நகராட்சியில் ஆள் பற்றாக்குறை. இதற்கெல்லாம் யார் இருக்கிறார்கள்?

உண்மைதான். அதனால்தான் நூறு கோப்புகள் வேண்டாம் என்கிறேன். வால்வுப் பதிவேடு, குப்பை வண்டிப் பதிவேடு, புகார்ப் பதிவேடு ஆகிய மூன்று போதும். இவை மூன்றும் எப்படியும் எழுதப்படுகின்றன. காகிதத்துக்குப் பதில் அட்டவணையில் எழுதினால் கூடுதல் வேலை சிறிதுதான். ஒவ்வொரு கோப்பிலும் கடைசியாகப் புதுப்பித்த தேதியும், நிரல்களின் பொருளும், பொறுப்பான பதவியும் இருக்க வேண்டும். புகார்ப் பதிவேட்டில் மட்டும் ஒரு நிபந்தனை: "முடிக்கப்பட்டது" என்றால் வேலை முடிந்ததா, மனுவுக்குப் பதில் அனுப்பி முடிந்ததா என்பதைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடக்கும்வரை அந்தப் பதிவேட்டில் எல்லாப் புகாரும் தீர்ந்துவிட்டதாகவே தோன்றும்.

"வெளியிட்டால் எங்களைத்தானே திட்டுவார்கள்" என்று ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார். முதல் இரண்டு மாதம் திட்டுவார்கள் என்றுதான் சொன்னேன். இப்போதும் திட்டத்தான் செய்கிறார்கள். தரவு இருந்தால் இந்த வால்வு, இந்தத் தேதி என்று குறிப்பாகத் திட்டுவார்கள், அதைச் சரிசெய்யவும் முடியும்.

கணினி தெரியாதவர்களுக்கு இதில் இடம் உண்டா?

எங்கள் வீட்டு நாள்காட்டி கணினி இல்லை. நகர்ப்புறங்களில் 2022 முதல் பகுதி சபைகள், அதாவது வார்டுக்குள் பகுதி வாரியான மக்கள் கூட்டங்கள், கூடுகின்றன; ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். அங்கே எழுந்து "தண்ணீரே வருவதில்லை" என்று சொல்வதற்கும், தேதிகளைக் குறித்த மூன்று மாதத் தாள்களை மேசைமேல் வைப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. தெருவுக்கு மேலே ஒரு வீடு, நடுவே ஒரு வீடு, கீழே ஒரு வீடு என்று மூன்று நாள்காட்டிகள் இருந்தால் இன்னும் நல்லது. அலுவலகம் வெளியிடும் கோப்பை யாராவது ஓர் இளைஞர் அச்சிட்டு ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிடலாம்.

வெளியிட்ட தரவில் தவறு இருந்தால்?

இருக்கும். தவறு இருக்குமே என்று வெளியிடாமல் இருப்பதைவிட, தவற்றைச் சுட்டிக்காட்ட ஒரு மின்னஞ்சலும், திருத்திய தேதியைக் காட்டும் ஒரு குறிப்பும் வைப்பது மேல். பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதைச் சத்தமில்லாமல் போடுவது மட்டும் கூடாது.

வந்துகொண்டிருந்த கோப்பு திடீரென்று நின்றுபோனால் என்ன செய்வது?

இது அடிக்கடி நடக்கும். ஆர்வமுள்ள அதிகாரி மாறுவார், ஒப்பந்த நிறுவனம் மாறும், தளம் புதுப்பிக்கப்பட்டுப் பழைய இணைப்புகள் மறையும். ஆகவே எந்தக் கோப்பைப் பார்த்தாலும் உடனே ஒரு படி இறக்கி, கோப்பின் பெயரோடு அன்றைய தேதியையும் சேர்த்துச் சேமித்து வையுங்கள். இன்னொருவரிடமும் ஒரு படி கொடுத்து வையுங்கள். நின்றுபோன மாதத்தைக் குறிப்பிட்டு, முந்தைய மாதத்துக் கோப்பை இணைத்து, "இதே வடிவில் தொடர்ச்சி வேண்டும்" என்று தகவல் உரிமை மனு எழுதுங்கள். முன்பு கொடுத்ததை இப்போது இல்லையென்று சொல்வது எந்த அலுவலகத்துக்கும் கடினம்.